கடைசிப் பெயர் என்ன?

லிங்க்ட்இன்னில் கணக்கு தொடங்கும்போது இடறுவது கடைசிப் பெயர்க் கட்டம். அப்பா பெயரின் முதலெழுத்தைத் தவிர நம்மிடம் வேறென்ன இருக்கிறது? அதையே போட்டோம். அதைப் பார்த்துவிட்டு வடக்கிலிருந்து பேசிய அதிகாரி ஒருவர் "முழுப் பெயர்?" என்று இரண்டு முறை கேட்டார். எதற்கென்று நமக்குத் தெரியாதா! தகுதி ஒன்றாகவே இருந்தாலும் தலித் குடும்பப் பெயருக்கு நேர்காணல் அழைப்பு குறைவதை, 2007இல் சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆய்வு காட்டியது.

இருந்தும் கணக்கை மூடவில்லை. தொண்டு நிறுவன வேலைகள் பல, விளம்பரம் வருமுன்பே தெரிந்தவர் வழியாக நிரம்பிவிடுகின்றன. சொல்லிவிட நமக்கு எந்த மாமா அலுவலகத்தில் இருந்தார்? இங்கே திட்ட மேலாளருக்கு நேராக எழுதலாம். செய்த களப்பணியைக் காட்டலாம். காலியிடம் கண்ணில் பட்டால், சமூகப்பணி முடித்த நம் பிள்ளைகளுக்கு அன்றிரவே அனுப்பிவிடுகிறோம். பயோடேட்டாவையும் உட்கார்ந்து திருத்தித் தருகிறோம்.