இருமலும் பூட்டுச் சாவியும்

சிறுநீர்க் கசிவோடு பிசியோதெரபிஸ்ட்டிடம் வரும் பெண்கள் அதை முதலில் சொல்வது அபூர்வம். முதுகுவலியை எல்லாம் பேசி முடித்து, கிளம்பும்போதுதான் "இன்னொண்ணு மேடம்..." என்று இழுப்பார்கள். அனுபவமுள்ளவர் மறுபடி உட்காரவைத்துக் கேட்பது, எப்போது கசிகிறது என்பதைத்தான். இருமும்போதா, குடம் தூக்கும்போதா, வீட்டுக்கு வந்து பூட்டில் சாவியை நுழைக்கும்போதா?

சிறுநீர்ப்பை நிறையும்போது அதன் சுவர்த்தசை தளர்ந்து இடம்விட வேண்டும். வாயிலிலுள்ள சுருக்குத்தசை இறுகி நிற்க வேண்டும். 150, 200 மில்லி சேர்ந்ததும் முதல் உணர்வு தட்டும். 400 மில்லி வரைகூடப் பலரால் அடக்க முடியும். கழிக்கும்போது சுவர் சுருங்கும், வாயில் தளரும். இந்த மாற்றத்தை நடத்தும் மையம் மூளைத்தண்டில் இருக்கிறது. 'இப்போது வேண்டாம்' என்று தடுப்பது மூளையின் முன்பகுதி. சாவியைத் தொட்டதும் கசிபவருக்குச் சுவர்த்தசை அனுமதி கேட்காமலே சுருங்குகிறது. பக்கவாதமோ பார்க்கின்சன் நோயோ காரணமாக இருக்கலாம். பலருக்குக் காரணமே பிடிபடாது.

இருமினால் கசிவது வேறு வகை. தோட்டக் குழாயைச் சிமென்ட் தரையில் வைத்து மிதித்தால் தண்ணீர் நிற்கும். சேற்றில் மிதித்தால் குழாய் புதையுமே தவிர அடைபடாது. சிறுநீர்க் குழாய்க்கு அந்தத் தரை இடுப்புத்தளத் தசைகளும் அவற்றோடு இணைந்த திசுக்களும்தான். பிரசவம், உடற்பருமன், தீராத மலச்சிக்கல் எல்லாம் அதைத் தொய்ய வைக்கும்.

மூன்றாவது வகைதான் ஏமாற்றுவது. நாள்பட்ட சர்க்கரை நோயிலோ புராஸ்டேட் வீக்கத்திலோ பை காலியாகாமல் நிரம்பி வழியும். பையைத் தளர்த்தும் மாத்திரையை இவர்களுக்குக் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம். கழித்தபின் எவ்வளவு மிச்சம் என்று ஸ்கேனில் பார்ப்பது இதற்காகவே.

அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் தொய்ந்த இடுப்புத்தளத்துக்கான பயிற்சியை எழுதியபோது, கூடவே ஓர் அழுத்தமானியையும் வைத்திருந்தார். சரியாக இறுக்குகிறோமா என்று பயிற்சி செய்யும் பெண்ணே முள்ளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இன்று வீடியோவில் பயிற்சி மட்டும் மிஞ்சியிருக்கிறது, முள் காணாமல் போய்விட்டது. பலர் இறுக்குவதாக நினைத்து முக்குகிறார்கள். அது தசையை மேலும் கீழே தள்ளும். காற்றுப் பிரியாமல் அடக்குவதுபோல் உள்ளே தூக்குங்கள், மூச்சை மட்டும் பிடிக்காதீர்கள் என்றால் பெரும்பாலோருக்குப் புரிந்துவிடுகிறது. தும்மல் வருமுன் ஒருமுறை இறுக்கிக்கொள்ளும் பழக்கமும் சேர வேண்டும். மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் பலன் தெரியும்.

கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பவர்கள் ஏராளம். கழிப்பறை இல்லாத வேலையிடங்கள் இருக்கும்வரை அவர்களைக் குறைசொல்வது நியாயமில்லை. ஆனால் அடர்ந்த சிறுநீர் பையை உறுத்தி அவசரத்தைக் கூட்டும். அதனால்தான் மூன்று நாளைக்கு, குடித்தது, கழித்தது, கசிந்தது மூன்றையும் குறித்துவரச் சொல்கிறார்கள். அந்தத் தாளில் சில சமயம் மாலையில் போடும் ரத்த அழுத்த மாத்திரை அகப்படும். அது சிறுநீரைப் பெருக்கும் வகையாக இருந்தால், டாக்டரிடம் கேட்டு காலைக்கு மாற்றியதுமே சிலருக்கு இரவுத் தொல்லை தணிந்துவிடுகிறது.