பதினெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் இடையில்

இமாச்சலப் பிரதேசச் சட்டப்பேரவை 2024 ஆகஸ்ட் 27 அன்று நிறைவேற்றிய ஒரு மசோதா குறித்து நண்பர்கள் சிலர் என் கருத்தைக் கேட்டிருந்தார்கள். 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தை அம்மாநில அளவில் திருத்தி, பெண்ணின் திருமண வயதை 18இலிருந்து 21ஆக உயர்த்துவது அது. மத்தியச் சட்டத்தோடு முரண்படுவதால், அரசமைப்பின் 254(2)ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றால்தான் அது அங்கு செல்லுபடியாகும். குடும்பச் சட்டம் என் ஆய்வுத் துறை என்பதால் மட்டும் இதை எழுதவில்லை. என் திருமணம் நடந்தபோது எனக்கு வயது இருபது.

முதலில் மசோதாவின் உள்ளடக்கத்தைப் பார்ப்போம். இப்போதுள்ள சட்டத்தில் ‘குழந்தை’ என்ற சொல்லுக்கு ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 என இரண்டு அளவுகோல்கள் உள்ளன. மசோதா இருபாலருக்கும் 21 என்ற ஒரே வரம்பை வைக்கிறது. மணத்தை ரத்து செய்யக் கோரும் கால வரம்பையும், வயது வந்த பிறகு இரண்டு ஆண்டுகள் என்பதிலிருந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டுகிறது. பிற சட்டங்களோ வழக்கங்களோ எதைக் கூறினும் இதுவே மேலோங்கும் என்கிறது.

இதற்கான வாதம் எளிதில் தள்ளிவிடத்தக்கதன்று. என்னோடு பள்ளியில் படித்த தோழி ஒருத்திக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வருவதற்குள் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். பதினெட்டு நிரம்பிய மறுமாதமே திருமணம். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. “பதினெட்டுதான் ஆயிற்றே, இனி என்ன தடை?” என்று உறவினர்கள் கேட்டபோது அவளிடம் பதில் இல்லை. அன்று சட்டம் 21 என்று சொல்லியிருந்தால் அவளுக்கு மூன்று ஆண்டுகள் கிடைத்திருக்கும். இந்த மசோதாவை வரவேற்பவர்கள் மனத்தில் இருப்பவள் அவள்தான். அவளை மறந்துவிட்டு இதைப் பேசக் கூடாது.

என் கதை வேறு. டெல்லியில் படித்துக்கொண்டிருந்தபோது, வேறு சமூகத்தைச் சேர்ந்த ஒருவரைச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணக்க மனுக் கொடுத்தேன். அச்சட்டம் முப்பது நாள் அறிவிப்பு கோருகிறது. அதற்குள் எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆனால் சாதி பிடிக்கவில்லை என்பது ஆட்சேபமாகாது. வயது, மனநிலை, தடைசெய்யப்பட்ட உறவு முறை, ஏற்கெனவே உள்ள திருமணம் ஆகியவையே ஏற்கப்படும் காரணங்கள். என் வீட்டார் அந்த முப்பது நாளும் தேடியது வயதைத்தான். பிறப்புச் சான்றிதழ் என் பக்கம் நின்றது.

அன்று வரம்பு 21 ஆக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? பதிவாளர் மனுவைத் திருப்பியிருப்பார். கோயிலிலோ நண்பர் வீட்டிலோ மணந்திருந்தால், நான் சட்டத்தின் கண்ணில் ‘குழந்தை’. அத்திருமணம் தானாகச் செல்லாததாகிவிடாது. என் விருப்பத்தின் பேரில் ரத்து செய்யத்தக்கது, அவ்வளவே. ஆனால் குற்றவியல் பகுதி என் விருப்பத்துக்குக் காத்திருப்பதில்லை. 9ஆம் பிரிவின்படி, குழந்தையை மணக்கும் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட ஆணுக்கு இரண்டு ஆண்டு வரை கடுங்காவல் அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். குற்றம் பிணையில் விடத்தகாதது. காவல்துறை தானே கைது செய்யலாம். அதற்கு என் தந்தையின் ஒரு புகார் போதும். சேர்ந்து வாழ எனக்குச் சம்மதம் என்ற வாக்குமூலத்தால் அந்த வழக்கு நின்றுவிடாது.

குழந்தைத் திருமணச் சட்டம் பெற்றோர் நடத்தும் திருமணங்களைத் தடுக்கவே எழுதப்பட்டது. ஆனால் பிள்ளைகள் தாமே தேர்ந்துகொண்ட திருமணங்களைக் குலைக்கப் பெற்றோரே அதைக் கையில் எடுப்பதை இத்துறையில் ஆய்வு செய்பவர் அனைவரும் அறிவர். என் தோழியின் பெற்றோர் தம்மீது தாமே புகார் கொடுக்கப் போவதில்லை.

1929ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 என்று வைத்தது. 1949இல் 15 ஆயிற்று, 1978இல் 18. ஒவ்வொரு முறையும் உயர்த்தப்பட்டது சிறுமியரைக் காக்க. இந்த முறை எல்லைக்குள் வருபவர்கள் வாக்களிக்கும், ஒப்பந்தம் செய்யும், சொத்து வாங்கும் உரிமையுள்ள பெண்கள். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த இதே போன்ற மசோதா, 2024இல் 17ஆம் மக்களவையோடு காலாவதியானது. சமத்துவம்தான் நோக்கம் என்றால் அதற்கு வேறு வழியும் உண்டு: சட்ட ஆணையம் 2018ஆம் ஆண்டின் ஆலோசனை அறிக்கையில் இருபாலருக்கும் 18 என்று வைக்கப் பரிந்துரைத்தது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019–21), 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18க்கு முன் மணமானவர்கள் நாடளவில் 23.3 சதவீதம். பீகாரிலும் மேற்கு வங்கத்திலும் அது 40ஐத் தாண்டுகிறது, இமாச்சலில் 5.4 மட்டுமே. அங்கு அந்தக் குறைவு, வரம்பு 18 ஆக இருந்தபோதே நிகழ்ந்தது. பெண்கள் பள்ளியில் நீடித்ததன் பங்கு அதில் பெரிது. மலைக் கிராமத்துப் பெண்ணுக்குக் கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு விடுதியும் கட்டணச் சலுகையும் கிடைத்தால், அந்த மூன்று ஆண்டுகளை எந்தத் தண்டனைப் பிரிவும் இல்லாமலே அவளுக்குத் தந்துவிடலாம்.

மசோதா சட்டமாகத்தான் வேண்டுமென்றால், குறைந்தது ஒரு திருத்தம் தேவை. 18 நிறைந்த பெண் தானே முன்வந்து புகார் கொடுத்தாலன்றி, அவள் திருமணத்தின் பேரில் எவர் மீதும் குற்ற வழக்கு தொடரக் கூடாது. கட்டாயப்படுத்தப்பட்டவளுக்கு 23 வயது வரை வெளியேறும் வழி திறந்திருக்கட்டும். அந்த நீட்டிப்பை நான் முழுமனத்துடன் வரவேற்கிறேன். விரும்பி மணந்தவளின் கணவனைச் சிறைக்கு அனுப்பும் அதிகாரம் மட்டும் அவள் தந்தையின் கையில் இருக்க வேண்டாம்.