எழுதாத பரீட்சைக்கும் பூச்சியமா?

கண்டியில் உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கு நாங்கள் ஜாவா படிப்பிக்கிறோம். அக்குறணை, மடவளையிலிருந்தெல்லாம் பஸ்ஸில் வருவார்கள். ஒரு பிள்ளை நாலு பரீட்சையும் எழுதியிருக்கும், பிந்திச் சேர்ந்தது இரண்டுதான். எல்லா வரிசையும் ஒரே நீளமான முழு எண் அரேயில் புள்ளிகளைப் போட்டால், வெற்றிடங்களில் ஜாவா பூச்சியத்தை வைத்துவிடும். 80, 70 எடுத்த பிள்ளையின் சராசரி 75 அல்ல, 37.5 என்று வரும். வாப்பாவிடம் ஏச்சும் வாங்கும், பாவம்.

ஜாவாவில் இரு பரிமாண அரே என்பது அரேக்களின் அரே. வரிசைகள் எத்தனை என்று மட்டும் முதலில் சொல்லி, ஒவ்வொன்றின் நீளத்தையும் பிறகு தனித்தனியே கொடுக்கலாம். இதுதான் ஜேக்ட் அரே. அந்தந்த வரிசையின் லெங்த் வரை கூட்டி, அதாலேயே பிரிக்க வேண்டும். உருவாக்க மறந்த வரிசை 'நல்' ஆக இருக்கும். அதைத் தொட்டால் புரோகிராம் பிழை காட்டி நிற்கும். பொய்ப் பூச்சியத்தை விட எங்களுக்கு அது மேல்.

ரிப்போர்ட்டில் சராசரி குறைந்திருந்தால், எத்தனையால் பிரித்தது என்று முதலில் கேளுங்கள்.