பயற்றம் பணியாரம்

பலகாரம் ஒன்றைப் பற்றிக் கட்டுரையா என்று இம்மலரின் வாசகர் சிலர் புன்முறுவல் பூக்கக்கூடும். சங்கச் செய்யுள்களின் திணையமைதியும் ஈழத்து நாவலின் வளர்ச்சியும் ஆராயப்படும் பக்கங்களுக்கு நடுவே பயற்றம் பணியாரத்துக்கும் ஓரிடம் கேட்பது சற்றுத் துணிகரமான காரியமே. ஆயினும் சென்ற ஓராண்டில் என் சிந்தனையை இதைப்போல வேறெதுவும் ஆட்கொண்டதில்லை. விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருந்த வேளைகளிலும் என் மனம் வறுத்த பயற்றின் மணத்தைத் தேடிக்கொண்டிருந்ததை எம் ஆசிரியர்கள் பொறுத்தருள்வார்களாக.

2024ஆம் ஆண்டின் இறுதியில் என் அம்மம்மா உரும்பிராயில் காலமானார். அவருடைய ஆட்டைத் திவசத்துக்கு அவர் செய்த முறையிலேயே பயற்றம் பணியாரம் செய்து படைக்கவேண்டும் என்றும், அதை நானே செய்யவேண்டும் என்றும் பிடிவாதமாக நின்றேன். எம் வீட்டில் ஆண்கள் தாச்சியருகே நின்ற வழக்கம் இல்லை. அம்மா முதலிற் சிரித்தார். நான் விடாதிருக்கக் கண்டு, "உனக்கேன் தம்பி இந்த வில்லங்கம்? கடையிலை வாங்கிப் படைப்பம்" என்றார். ஏன் என்பதை அப்பொழுது நான் அவரிடம் கூறவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு வெளியே உள்ளவர்களுக்காகச் சிறிது விளக்குதல் தகும். தமிழகத்திற் பணியாரம் என்றதும் குழிகள் உள்ள கல்லில் வார்த்தெடுப்பதே நினைவுக்கு வரும். எம்மூர்ப் பணியாரம் வேறு. பயற்றை வறுத்து, உடைத்து, கோது நீக்கி மாவாக்குவர். துருவிய தேங்காயைத் தனியே ஈரம் வற்றும்வரை வறுத்து இடிப்பர். இவற்றுடன் வறுத்த அரிசிமாவும் மிளகு, சீரகம், ஏலக்காய் ஆகியவற்றின் தூளும் சேர்த்து, சீனிப்பாணியை ஊற்றி, சூடு தணியுமுன் உருண்டை பிடிப்பர். ஆறிய உருண்டைகளை மஞ்சள் கலந்த மாக்கரைசலில் தோய்த்து எண்ணெயிற் பொரித்தெடுப்பர். கலியாண வீட்டுப் பலகாரச் சூட்டில் அரியதரத்துக்கும் முறுக்குக்கும் பக்கத்தில் இதற்கும் நிலையான இடம் உண்டு. மாவிலும் தேங்காயிலும் இருந்த நீரை வறுவல் முன்னரே போக்கிவிடுவதால் பல நாள் கெடாதிருக்கும். முதலிற் கெடுவது தேங்காயே. அதைச் சரிவர வறுக்காவிடில் காறல் வாடை அடிக்கும்.

பேராதனைக்கு வந்த முதலாண்டில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறை கழிந்து திரும்பிய சிங்கள நண்பன் ஒருவன் தன் வீட்டுப் பலகாரப் பொதியைப் பிரித்து மூங் கெவும் என்று ஒன்றை எனக்குத் தந்தான். சாய்சதுரமாக வெட்டப்பட்டிருந்தது, சீனிக்குப் பதிலாகக் கித்துள் பாணி. மற்றும்படி அதே பயற்றம்மா, அதே மஞ்சள் தோல். "இது எங்கள் அம்மம்மாவின் பணியாரமல்லவா!" என்று நான் கூவியதும், "இல்லை, இது என் ஆச்சியின் கெவும்" என்று அவன் உரிமை கோரியதும், இருவருமாக அப்பொதியை அன்றிரவே தீர்த்ததும் விடுதி வாழ்வின் இனிய நினைவுகள்.

அம்மம்மா எதையும் எழுதிவைத்தவரல்லர். அவருடைய அளவுகோல் சுண்டும் உள்ளங்கையும் மட்டுமே. நாலு சுண்டு பயற்றுக்கு ஒரு சுண்டு அரிசிமா, மூன்று சுண்டு சீனி, பெரிய தேங்காய் ஒன்று என்று அம்மா சொன்னார். ஆனால் கனடாவிலுள்ள மாமாவோ, சீனியே இல்லை, பனங்கட்டிதான் என்று தொலைபேசியில் அடித்துக் கூறினார். யார் சொல்வது சரி? விசாரித்துப் பார்த்தபோது இருவரும் சரி என்றே தெரிந்தது. 1969இல் அம்மம்மாவின் கலியாணத்துக்குச் சுட்ட பணியாரம் சீனியில் ஆனது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் சீனிக்கும் கோதுமை மாவுக்கும் நாடெங்கும் தட்டுப்பாடு வந்தபோது பனங்கட்டியும் அரிசிமாக் கரைசலும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. பின்னர் சீனி மீண்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்திற் குடாநாட்டுக்குப் பொருள்கள் வருவது தடைப்பட்ட காலத்தில் மறுபடியும் பனங்கட்டி. மாமா அந்தப் பணியாரத்தை உண்டு வளர்ந்து, அந்தச் சுவையோடு புலம்பெயர்ந்தவர். மரபு, மாற்றம் என்பன பற்றி நாம் எழுதும் விடைத்தாள்களை விட எம் வீட்டுச் சுண்டு அவற்றை நன்கு அறிந்திருந்தது என்று எண்ணிக்கொண்டேன்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது அம்மம்மா கையில் எடுத்தவை மூன்று: காணி உறுதி, தாத்தாவின் படம், ஒரு பிஸ்கற் பேணி நிறையப் பணியாரம். தீபாவளிக்காகச் சுட்டு மிஞ்சியது அது. மழையில், நகரவே இடமில்லாத கூட்டத்தில், செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து மட்டுவிலைச் சேரும்வரை அந்தப் பேணியே அவர்களுக்குச் சோறு என்று அம்மா சொல்வார். அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. பக்கத்தில் நடந்த முன்பின் அறியாத பிள்ளைகளுக்கும் அம்மம்மா ஒவ்வொன்று கொடுத்தாராம். 1996இல் ஊர் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை. பேணி மட்டும் திரும்பி வந்தது. இன்றும் எம் குசினியில் இருக்கிறது.

இனி நான் சொல்லத் தயங்கியதைச் சொல்லவேண்டும்.

2023ஆம் ஆண்டு, என் இரண்டாம் அரையாண்டுப் பரீட்சைக்குச் சற்று முன்னர், ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் அம்மம்மா எனக்குப் பணியாரம் கொடுத்தனுப்பினார். நான் அதைக் கட்டிலின் கீழே தள்ளிவைத்தேன். பசியில்லை என்பதோ வேளையில்லை என்பதோ உண்மையன்று. புதிய நண்பர்கள் நடுவே பழந்துணியிற் கட்டிய அந்தப் பொதியைப் பிரிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. முதலாண்டில் நண்பனின் கெவுமைக் கொண்டாடிய அதே நான்தான். பேராதனையின் மழையும் ஈரமும் அதைச் சும்மா விடவில்லை. இரண்டு கிழமை கழித்துப் பார்த்தபோது பூஞ்சணம் பூத்திருந்தது; இரவோடு இரவாகக் குப்பைத் தொட்டியிற் போட்டேன். அதற்கு முன்னரே, பொதி கிடைத்த மூன்றாம் நாள், அம்மம்மா தொலைபேசியில் அழைத்திருந்தார்.

"என்னெண்டு இருக்குப் பணியாரம்?"

"நல்லாய் இருக்கு அம்மம்மா."

"கைக்கேல்லையோ?"

"இல்லை. நல்ல ருசி. எல்லாரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவை."

"சரி ராசா. படி."

பொய்யைப் பொய்யாக மட்டும் சொல்லாமல் அதற்கு அலங்காரமும் செய்தேன் என்பதை வாசகர் கவனித்திருப்பர்.

பயற்றை வறுப்பதுபற்றி அம்மம்மா அடிக்கடி கூறுவது ஒன்றுண்டு: "மணம் தெரியேக்கை இறக்கவேணும். நிறம் தெரியேக்கை பிந்திப்போச்சு." அவர் அடுப்பைப் பார்த்து வறுத்தவரல்லர், முற்றத்திற் கூட்டிக்கொண்டு நிற்கையிலேயே மூக்கால் அறிந்து ஓடிவருவார். 2021 ஆவணியில் அவரைக் கொரோனா பிடித்தது. எழும்பிவிட்டார். ஆனால் மணம் திரும்பவில்லை, நாக்கும் மந்தமாகிவிட்டது. மற்றவர்களுக்குச் சில கிழமைகளில் மீண்டதைப் போலத் தமக்கும் மீளும் என்று காத்திருந்தவர், மீளவில்லை என்பதை எவருக்கும் சொல்லாமல் மறைத்துவிட்டார்.

திவசத்துக்கு ஐந்து நாள் முன்னதாகவே வீடு சென்றேன். துக்கம் நடந்த வீடென்று அவ்வாண்டு முழுவதும் எம் வீட்டிற் பலகாரம் சுடவில்லை. தாச்சியைத் துடைத்து எடுக்கவே அரை நாள் சென்றது. என் முதல் முயற்சி உருண்டையாகவே வரவில்லை. பாணி முற்றிவிட்டதால் மா மணலாக உதிர்ந்தது. இரண்டாவது முயற்சியிற் பாணி இளகிவிட்டது; உருண்டைகள் எண்ணெயிற் பிரிந்து கரைந்தன. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பாணியைத் தொட்டு இழுத்தால் ஒற்றைக் கம்பி நிற்கவேண்டும் என்று அம்மா காட்டித் தந்தார். நூலிற் படித்து அறிய இயலாத பாடங்களில் இதுவும் ஒன்று. அதற்கு விலையாக இரண்டு விரல்கள் கொப்பளித்தன.

மூன்றாம் முறைக்குப் பயறு வறுத்துக்கொண்டிருந்த மாலையில், மணம் பிடிப்பதற்காக நான் தாச்சியின் மேற் குனிந்து நிற்பதைக் கண்டு அம்மா திடீரெனக் கேட்டார்: "நீ அண்டைக்கு அதைச் சாப்பிடேல்லை, என்ன?"

என் கை நின்றுவிட்டது. தமக்குச் சலரோகம் இருப்பதால் அந்த முறை தாம் வாயில் வைக்கவில்லை என்றும், ருசி பார்க்க அம்மம்மாவுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை என்றும் அம்மா சொன்னார். நான் நல்ல ருசி என்று சொன்ன அன்று மாலையே அம்மம்மா மகிழ்ச்சியோடு ஒரு தட்டிற் பணியாரம் எடுத்துப் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறார். அவ்வீட்டுச் சிறுபிள்ளை ஒன்றைக் கடித்துவிட்டு, "கைக்குது" என்று முற்றத்திற் துப்பிவிட்டதாம். பயறு கருகியிருந்தது. அம்மம்மா தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து, மிச்சத்தை மாட்டுக்கு வைத்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமற் படுத்துக்கொண்டார். அதன் பின்னர் அவர் பணியாரம் சுடவில்லை.

"என்னைப் பற்றி என்ன சொன்னவ?" என்று கேட்டேன்.

"பிள்ளைக்கு நேரமிருந்திராது எண்டு சொன்னவ. வேறொண்டும் சொல்லேல்லை."

இதற்குப் பிறகும் அவர் காலமாகும்வரை ஒவ்வொரு ஞாயிறும் என்னோடு தொலைபேசியிற் பேசினார். பாடங்களைப் பற்றிக் கேட்டார். மழையைப் பற்றிக் கேட்டார். பணியாரத்தைப் பற்றி ஒரு முறையேனும் கேட்கவில்லை. அந்த மௌனத்தை நான் மறதி என்றே எண்ணியிருந்தேன். கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேனா என்று பலமுறை என்னையே வினவிப் பார்த்துவிட்டேன். ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன், இன்னும் அழகாக ஒரு பொய் சொல்லியிருப்பேன்.

அம்மாவின் பேச்சைக் கேட்டு நின்ற அந்தச் சில நிமிடங்களில் தாச்சியிற் கிடந்த பயறு நிறம் மாறத் தொடங்கிவிட்டது. அவசரமாகச் சுளகிற் கொட்டினேன். வேறு பயறு வாங்க நேரமில்லை. கருகியதைத் தெரிந்து எறிந்துவிட்டு மீதியைத் திரித்தோம். பாணி இம்முறை கம்பியாக நின்றது. உருண்டைகள் உடையவில்லை. மஞ்சள் தோல் சீராகப் பிடித்தது. நாற்பத்திரண்டு பணியாரங்கள். ஆறியபின் அவற்றை அந்தப் பழைய பிஸ்கற் பேணியில் அடுக்கினேன்.

மறுநாள் திவசம் முடிந்தது. தலைவாழையிலையிற் சோற்றுக்கும் கறிகளுக்கும் ஓரமாக ஐந்து பணியாரங்களை வைத்தேன். மாமா கனடாவிலிருந்து கைத்தொலைபேசித் திரையிற் பார்த்துக்கொண்டிருந்தார். பனங்கட்டி போட்டதா என்று ஐயர் இருக்கும்போதே கேட்டார். காகத்துக்கு வைத்த பிடியை இரண்டு காகங்கள் வந்து எடுத்தன. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் தாயோடு வந்திருந்தது. இப்போது பள்ளிக்கூடம் போகிறது. பணியாரத்தைக் கண்டதும் தாயின் பின்னால் ஒதுங்கியது.

எல்லோரும் சென்றபின் குசினி வாசலிற் குந்தியிருந்து ஒன்றைக் கடித்தேன். அம்மா தேநீர் ஆற்றிக்கொண்டு நின்றார்.

"என்னெண்டு இருக்கு?"

"கொஞ்சம் கைக்குது அம்மா. பயறு பிந்தி இறக்கிப்போட்டன்."

அம்மா என் கையில் இருந்த பாதியை வாங்கி வாயிற் போட்டு மெதுவாக மென்றார். "ஓம், கைக்குதுதான்" என்றார். பின்னர் பேணியைத் திறந்து இன்னொன்றை எடுத்தார்.