புல்தரை காக்கும் கைகள்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல், தாவரவியல்)

உதகைக்கு வருவோர் மலரைக் கண்டால், "யார் வளர்த்தது?" என்று கேட்பதுண்டு. புல்வெளியைக் கண்டு அவ்வாறு கேட்டவரை நான் பார்த்ததில்லை. புல் தானே முளைக்கும், தானே வளரும் என்பது பலருடைய எண்ணம். தானே வளர்வது காட்டுப்புல். பாய் விரித்தாற்போல் கிடக்கும் புல்தரையோ கைவேலை. அந்தக் கைகளைப் பற்றியே இங்கு எழுத விழைகிறேன்.

என் தந்தையார் ஒரு பழைய பங்களாவில் 22 ஆண்டுகளாகத் தோட்டக்காரர். சென்ற மாசி மாதம் முழங்கால் வலி முற்றி, அவரால் குந்தி உட்காரவே முடியாமற் போயிற்று. "சீசனுக்குள் புல்தரை தேறாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்" என்று பங்களாக்காரர் சொல்லிவிட்டார். வேலை போனால், நாங்கள் குடியிருக்கும் பின்கட்டு அறையும் போய்விடும். ஆகவே நாள்தோறும் காலை ஆறு மணி முதல் கல்லூரிக்குக் கிளம்பும்வரை புல்தரை என் பொறுப்பாயிற்று. அப்பா திண்ணையில் அமர்ந்து வழி சொல்வார், நான் செய்வேன்.

மார்கழியும் தையும் இங்கே உறைபனிக் காலம் என்பதை நண்பர்கள் அறிவீர்கள். பனியில் கருகிய புல், மாசியில் வைக்கோல் நிறத்தில் கிடக்கும். பார்ப்பவர் செத்துவிட்டது என்பர். ஆனால் மண்ணை ஒட்டிய தண்டில் உயிர் இருக்கும். எங்கள் புல்தரையில் இருப்பது கிக்கூயு என்னும் புல். கிழக்கு ஆப்பிரிக்க மலைநாட்டைச் சேர்ந்த இது, கென்யாவில் வாழும் கிக்கூயு மக்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தரைமேல் ஓடும் தண்டாலும் மண்ணுக்குள் ஓடும் தண்டாலும் பரவும் இயல்புடையது.

முதல் வேலை, காய்ந்த சருகை வாரியால் மெல்ல வாரி எடுப்பது. அது முடிந்ததும் வெட்டும் இயந்திரத்தை எடுக்கப் போனேன். அப்பா தடுத்தார்.

"பொறு கண்ணு. பனியிலே வாடினது இப்பத்தான் கண் முழிக்குது. இப்ப வெட்டினா, பசிச்சவன் தட்டைப் பிடுங்கின மாதிரி."

இலைதான் செடிக்கு உணவு சமைக்கிறது. இலை போனால் வேர் மெலியும். ஆகவே புதுத் தளிர் நன்கு எழுந்த பின்னரே வெட்ட வேண்டும். அப்போதும் ஒரே தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. நுனியை வெட்டியும் புல் ஏன் வளர்கிறது? இலையின் அடிப்பகுதியில் உள்ள இடை ஆக்குத்திசுவே காரணம். நமக்கு அது ஐந்து மதிப்பெண் வினா. பள்ளியைப் பாதியில் விட்ட அப்பாவுக்கு அது அன்றாடத் தொழில்.

பங்குனியில் மண்ணைத் திறந்தோம். காலடி பட்டு இறுகிய தரையில் இரும்பு முள்ளால் நான்கு விரல் ஆழம் குத்தி, சலித்த செம்மண்ணும் மக்கிய எருவும் தூவினேன். மழை மிகுந்த மலைமண் புளிப்பேறும். அதற்குச் சிறிது சுண்ணாம்புத் தூளும் வேண்டும். ஆனால், "ரெண்டையும் ஒரே நாள்ல போடாதே, எருவோட சத்து பறந்துடும்" என்றார் அப்பா. சத்து அமோனியா வாயுவாகப் பறக்கும் என்பதை வேதியியல் கற்ற நான் பிறகுதான் பொருத்திப் பார்த்தேன். மொட்டையான இடங்களில் கணுவுள்ள தண்டுத் துண்டுகளை நட்டோம். தினமும் தெளிக்காமல், இடைவெளி விட்டு ஆழ நனையும்படி நீர் பாய்ச்சினோம். அப்போதுதான் வேர் நீரைத் தேடிக் கீழே இறங்கும்.

வாரம் தவறாமல் ஓரம் வெட்டுவதும் முக்கியம். தோட்டங்களிலிருந்து தப்பிய கிக்கூயு, நீலகிரியின் இயற்கைப் புல்வெளிகளில் புகுந்து மண்ணின் சொந்தப் புற்களை நெருக்கி வருகிறது. வளர்ப்பது மட்டுமன்று, எல்லை மீறாமல் நிறுத்துவதும் தோட்டக்காரரின் கடமை என்பதை அங்கே கற்றேன்.

சித்திரை பிறந்தபோது தரை பச்சை கட்டிற்று. பங்களாக்காரர் ஒரு சுற்று வந்து பார்த்து, "சரி, இருக்கட்டும்" என்றார். இந்த ஆண்டுக்கு எங்கள் அறை தப்பியது. அடுத்த ஆண்டுக்கு அப்பாவின் முழங்கால் என்ன சொல்லுமோ!

1848இல் தொடங்கப்பெற்ற நம் ஊர்த் தாவரவியல் பூங்காவைப் பற்றிய நூல்களில், அதனை உருவாக்கிய மெக்கைவரின் பெயர் தவறாமல் வருகிறது. அது நியாயமே. ஆனால் அவருடன் மண் சுமந்தவர், புல் நட்டவர் ஒருவர் பெயரையும் நான் எங்கும் படித்ததில்லை. 2024 மே மாதம் அங்கு 126ஆவது மலர்க்காட்சி நடந்தது. அத்தனை காட்சிகளுக்கும் பின்னால் எத்தனை கைகள் இருந்திருக்கும்! உதவித்தொகைப் படிவம் நிரப்பும்போது, தந்தையின் தொழில் என்ற இடத்தில் ஓர் அலுவலர் 'கூலி' என்று எழுதினார். 'தோட்டக்கலைத் தொழிலாளர்' என்று எழுதும்படி பணிவுடன் வேண்டினேன். அவரும் அடித்துத் திருத்தினார்.

நண்பர்களே! நம் கல்லூரி முகப்பிலும் ஒரு புல்தரை உண்டு. மணி அடித்ததும் அதன் குறுக்கே நாம் இட்ட ஒற்றையடிப் பாதையும் உண்டு. நடைபாதை வழியே சுற்றி வந்தால் ஒரு நிமிடம் கூடுதலாகும். இளவேனில் முடியும்வரை அந்த ஒரு நிமிடத்தைத் தாருங்கள். மிதிபட்ட புல் மீண்டும் எழுந்துவிடும். அதை எழுப்பக் குந்தியிருப்பவரின் முழங்கால் அவ்வளவு எளிதில் எழுவதில்லை.