ஒரு பெட்டிக்குள் ஒரு வீடு

வைணவப் பெரியார் இராமாநுசர் தோன்றிய ஊர் என்பதே திருப்பெரும்புதூருக்கு நெடுங்காலமாக இருந்துவந்த பெருமை. 1990களின் பிற்பகுதியில் அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்துத் தொழிற்சாலை எழுந்தபின் அவ்வூருக்கு இன்னொரு முகமும் வாய்த்தது. இன்று அங்கிருந்து ஒரகடம் வரை மகிழுந்து, சரக்குந்து, கைப்பேசி, உதிரிப்பாகம் எனப் பலவற்றையும் உருவாக்கும் ஆலைகள் அணிவகுத்து நிற்கின்றன. பணிமுறை மாறும் வேளைகளில் பேருந்துகள் வரிசையாக ஊர்ந்து செல்கின்றன. அவற்றின் சன்னல்களில் தெரிபவை பெரும்பாலும் இளம்பெண்களின் முகங்கள்.

இப்பெண்கள் தங்குவதற்கென வல்லம் வடகாலில் சிப்காட் நிறுவனம் 706.50 கோடி ரூபாயில் கட்டிய குடியிருப்பு, 2024 ஆகஸ்டு 17 அன்று திறக்கப்பட்டது. அதில் 18,720 பேர் தங்கலாம். ஒரு பேரூரின் மக்கள்தொகைக்கு நிகரான எண்ணிக்கை இது. ஆனால், இந்த எண்ணுக்குள் இன்னொரு கணக்கும் மறைந்திருக்கிறது. அறையைப் பிறரோடு பகிர்ந்து வாழ வரும் ஒவ்வொருத்தியும், புறப்படுவதற்கு முன் தன் வீட்டை ஒரு பெட்டிக்குள் சுருக்கியாக வேண்டும்.

சிற்றூர் ஒன்றிலிருந்து புறப்படும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். கல்லூரியில் ஓராண்டு படித்தவள். தம்பியின் படிப்புக்காகத் தன் படிப்பை நிறுத்தியவள். பெட்டிக்குள் முதலில் செல்பவை மதிப்பெண் சான்றிதழும் ஆதார் அட்டையும். பிறகு நான்கு உடுப்புகள், போர்வை, எவர்சில்வர் தட்டு, பருப்புப்பொடி. தையல் இயந்திரம் தங்கைக்கு எனத் தீர்மானமாகிறது. கோலப்போட்டியில் வென்ற குத்துவிளக்கு மாடத்திலேயே இருக்கட்டும் என்கிறாள். எஞ்சுபவை கல்லூரிப் பாடநூல்கள். அவற்றை வைத்தால் பொங்கலுக்கு எடுத்த புடைவைக்கு இடமில்லை.

“சுமக்க முடிஞ்சத மட்டும் எடுத்துக்கம்மா. மிச்சத்த நான் பாத்துக்கறேன்” என்கிறார் தாய். மகள் புடைவையை எடுத்துத் தாயின் கையில் தருகிறாள். நூல்கள் பெட்டிக்குள் செல்கின்றன. வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் பட்டத்தை முடிக்கலாம் என்னும் எண்ணத்தை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெட்டியின் கனம் அதைச் சொல்லிவிடுகிறது.

பொருள்களைக் குறைத்துக்கொண்டு புறப்படுவது தமிழர்க்குப் புதிதன்று. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலையகத்தில் வாழ்ந்த 5,25,000 தமிழரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என வரையறுத்தது. அதன்படி வந்தோருள் பலர் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினர். தலைமுறைகளாகத் தாம் வளர்த்த தேயிலைச் செடிகளையும், வழிபட்ட கோயில்களையும், முன்னோர் கல்லறைகளையும் எந்தப் பெட்டியில் வைப்பது? அங்கே விட்டுவந்தவை திரும்பக் கிடைப்பதற்காக விடப்பட்டவை அல்ல.

எனவே, விடுதல் என்னும் ஒரே சொல்லுக்குள் வேறுவேறு பொருள்கள் உள்ளன. இல்லறத்தைத் துறந்த இராமாநுசர் தம் விருப்பத்தால் விட்டார். கப்பலேறிய மலையகத் தமிழர் வேறு வழியின்றி விட்டனர். விடுதிக்கு வரும் பெண்ணின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அவள் துறவியும் அல்லள், ஏதிலியும் அல்லள். தன் வீடு நிலைக்க வேண்டும் என்பதற்காகவே வீட்டை விட்டு வருகிறாள். அவள் ஈட்டும் ஊதியத்தால் கூரை ஓடாகலாம், அடகு மீளலாம், தம்பி பட்டம் பெறலாம். தனக்கென அவள் வைத்துக்கொண்டது பெட்டியின் கால்பகுதியை அடைக்கும் சில நூல்களே.

எளிமை நல்லது என்று அவளுக்கு அறிவுரை கூறுவது எளிது. ஆனால் தேவையால் வந்த சிக்கனத்தை அறமென்று போற்றிவிட்டு அமைதி கொள்ளலாகாது. படுக்க இடம் தருவதோடு ஒரு சமூகத்தின் கடமை முடிவதில்லை. பணி முடிந்து திரும்பும் பெண்ணுக்கு ஓர் அமைதியான மூலையும், ஒரு மேசையும், விளக்கொளியும் வேண்டும். அவை கிடைத்தால் அவள் சுமந்துவந்த நூல்கள் விரியும். கிடைக்காவிட்டால் அவை பெட்டியின் அடியிலேயே பழுத்துப்போகும்.