புரட்டாசியில் என்ன நடலாம், டீச்சர்?



போன வாரம் தோட்டத்துப் படம் போட்டதிலிருந்து ஒரே கேள்விதான். "ஆடிப்பட்டத்தை விட்டுட்டோம் டீச்சர், இனிமே என்ன நடலாம்?" ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுத இந்த விரல்கள் ஒத்துழைக்கவில்லை. எல்லோருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஆடியை விட்டால் ஆண்டே போயிற்று என்று கவலைப்பட வேண்டாம். தமிழ்நாட்டுக்குக் கிடைக்கும் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. அது பெரும்பாலும் அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். புரட்டாசி பிறப்பது செப்டம்பர் நடுவில். ஆகக் கன்று வேர் பிடிக்க ஒரு மாதம் கையில் இருக்கிறது. ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் ஊன்றிவிட்ட செடி எப்படியும் நிமிர்ந்துகொள்ளும்.

முதல் வேலை வடிகால். தரையில் நடுகிறவர்கள் அரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுங்கள். மாடியில் வைத்திருப்பவர்கள் தொட்டியைச் சாய்த்து, அடித்துளை அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் தேங்கினால் நாற்று அடித்தண்டில் அழுகிச் சாய்ந்துவிடும். அதற்குப் பிறகு எந்த மருந்தும் உதவாது.

கத்தரி, தக்காளி, மிளகாய்க்கு இனி விதை போட்டு நாற்றாக்க நேரம் போதாது. நாற்றுப் பண்ணையில் கன்றாக வாங்கி இந்த வாரமே நடுங்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்தபின் நட்டால் வாடாது. வெண்டையையும் முள்ளங்கியையும் நேரடியாக விதைக்கலாம். இரண்டும் ஏறக்குறைய 45 நாளில் கைக்கு வரும். கீரை விதை பொடி விதை. ஒரு பெருமழை அடித்தால் பாத்தியோடு போய்விடும். விதைத்ததும் மேலே ஒரு தென்னங்கீற்றைப் போட்டு வையுங்கள். முளை தெரிந்ததும் எடுத்துவிடுங்கள்.

இனி பூக்கள். செண்டுமல்லி விதையை இப்போது தூவி, ஒரு மாதத்தில் பிடுங்கி நட்டால் மார்கழியில் பூக்கும். டிசம்பர் பூவுக்கும் கனகாம்பரத்துக்கும் ஒரு குச்சி ஒடித்து ஊன்றினால் போதும், மழை ஈரத்திலேயே துளிர்த்துவிடும். மார்கழிக் கோலத்துக்குப் பூசணிப்பூ வேண்டுமென்றால் புரட்டாசிக் கடைசியில் விதை ஊன்றுங்கள். காம்பு நீண்டு மெலிந்திருப்பது ஆண்பூ, அதைப் பறிக்கலாம். பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு தெரிந்தால் அது பெண்பூ, அதைத் தொடாதீர்கள்.

சாமந்தி பற்றி ஒரு சேதி. அது இரவின் நீளத்தைக் கணக்குப் பார்த்து மொட்டு வைக்கிற செடி. இரவு நீண்டால்தான் பூ. அதனால் தொட்டியைத் தெருவிளக்கு வெளிச்சமோ வாசல் பல்பு வெளிச்சமோ படாத இடத்தில் வையுங்கள். விளக்கடியில் வைத்துவிட்டு "செடி நல்லா இருக்கு, பூதான் இல்ல" என்று எனக்குப் படம் அனுப்பக் கூடாது!

எங்கள் வீட்டுப் பந்தல் அவரையும் இதே குணம்தான். ஆடியில் ஊன்றினாலும் பொழுது சுருங்கும்வரை கொடியாகத்தான் ஓடும். ஐப்பசிக்குப் பிறகே பூ வைக்கும். காய் விளிம்பில் ஊதாக் கோடு ஓடும். என் மாமியார் கல்யாணமாகி வந்தபோது முடிச்சில் கொண்டுவந்த விதை. எந்தக் கடையிலும் இதை நான் பார்த்ததில்லை. ஆண்டுதோறும் மாசியில் நெற்றுப் பறித்துச் சாம்பல் கலந்து எடுத்து வைப்போம். சாம்பல் கலந்தாலும் இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் நம்ப முடியாது. வண்டு துளைக்கும், முளைப்பும் குறையும். ஆண்டு தவறாமல் ஊன்றினால்தான் விதை தங்கும்.

என் கணவர் இருந்தவரை பந்தல் போடுவது அவர் வேலை. அவர் போனபின் இது இரண்டாவது மழைக்காலம். முட்டிவலியோடு நான் எங்கே மூங்கில் தூக்குவது? இந்த ஆடியில் ஒருவன் வந்து முழுப்பந்தலையும் கட்டிக் கொடுத்தான். மூன்றாம் வகுப்பில் என்னிடம் வாய்ப்பாடு சொல்ல அழுதவன், இப்போது கொத்தனார். கூலி கொடுத்தால் வாங்கவில்லை. "காய் வந்ததும் கொடுங்க டீச்சர்" என்று போய்விட்டான்.

மகள் பொங்கலுக்குப் பிறகு பெங்களூருக்கு நிரந்தரமாக வந்துவிடச் சொல்கிறாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ராத்திரி வீட்டில் நான் ஒருத்திதான். உறவுக்காரர் ஒருவர், "கிளம்பப் போறவங்க யாருக்காக இவ்வளவு நடுறீங்க?" என்று கேட்டார். கேள்வி இரண்டு நாள் மனதில் உறுத்தியது. ஆனாலும் நாற்று வாங்கி வந்து நட்டுவிட்டேன். கத்தரி காய்த்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பறித்துக்கொள்ளட்டும். அதில் எனக்கு வருத்தமில்லை.

அவரையை மட்டும் அப்படி விட முடியவில்லை. தை மாதம் கிளம்பினால் நெற்று கொடியிலேயே வெடித்து விதை மண்ணில் சிதறிவிடும். அதனால் மகளிடம், "மாசி முடியட்டும், வருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் கோபித்துக்கொண்டாள். பிறகு, "எனக்கும் பத்து விதை எடுத்து வைம்மா, பால்கனியில் போடலாம்" என்றாள்.

உங்களையும் அதைத்தான் கேட்கிறேன். ஆளுக்குப் பத்து விதை தருகிறேன். தொட்டியோ, வேலியோரமோ, ஒரு கொடி ஏற இடம் இருப்பவர்கள் பெயரைக் கீழே எழுதுங்கள். மாசியில் தபாலில் அனுப்பிவிடுகிறேன். அடுத்த ஆடியில் ஊன்றுங்கள். விளைந்ததில் பத்து விதையை நீங்கள் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை, வீட்டுப்பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொத்தனார் தம்பிக்கு இருபது விதை எடுத்து வைக்கப் போகிறேன். அவன் பந்தல் கட்டியவன். நீங்கள் யாரும் சண்டைக்கு வரக் கூடாது.

நாளை வானம் தெளிவாக இருந்தால் நாற்று நட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்